சீட்டு மேஜிக் வீடியோ வாங்குமுன் வாத்தியாரின் முகம் தெரிகிறதா என்று பாருங்கள்

சீட்டு மேஜிக் கற்றுக்கொள்ள இன்றைக்கு எந்தக் குருவின் வாசலிலும் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. யூடியூபில் தேடினால் ஓர் ஆயுளுக்குப் போதுமான பாடம் கொட்டிக் கிடக்கிறது. அது போக, காசு கொடுத்துத் தரவிறக்கும் வீடியோக்கள், மாதச் சந்தாத் தளங்கள், பழைய வி.எச்.எஸ். கேசட்டிலிருந்து டிவிடிக்கும் அங்கிருந்து இணையத்துக்கும் குடிபெயர்ந்த தொகுப்புகள் என்று ஒரு பெரிய சந்தையே இருக்கிறது. எல்லாவற்றிலும் நான் நேரம் போட்டிருக்கிறேன், சிலவற்றில் காசும். எதில் போட்டது வசூலாயிற்று, எதில் ஆகவில்லை என்பதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால்தான் என் மதிப்பீட்டை நீங்கள் எடைபோட முடியும். நான் இடதுகைக்காரி. கையும் சின்னது. தொழில் கணக்கு எழுதுவது. நாளெல்லாம் எண்களோடு மல்லுக்கட்டிவிட்டு ராத்திரிதான் சீட்டுக்கட்டைத் தொடுவேன். மேடையேறும் ஆசையெல்லாம் கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு நிமிஷம் வாயைப் பிளந்தால் போதும்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைகளை மட்டும் காட்டும் வீடியோவைவிட, கையோடு முகத்தையும் சேர்த்துக் காட்டும் வீடியோவில்தான் மேஜிக் கற்றுக்கொள்ள முடிகிறது. படம் எவ்வளவு துல்லியம், வித்தை எவ்வளவு புதுசு, எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதெல்லாம் அப்புறம்தான்.

இலவச வீடியோக்களை எடுத்துக்கொள்வோம். கட்டை எப்படிப் பிடிப்பது, ஓவர்ஹேண்ட் ஷஃபிள் (ஒரு கையிலிருந்து மறு கைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கலைப்பது), ரிஃபிள் ஷஃபிள் (இரண்டு பாதியின் ஓரங்களைச் சரசரவென்று விட்டுப் பின்னுவது), சுண்டு விரல் சதையால் பிரேக் (சீட்டுகளுக்கு நடுவே ரகசிய இடைவெளி) பிடிப்பது, ஒற்றைக் கையால் வெட்டும் சார்லியர் கட் ஆகியவற்றுக்குக் காசு கொடுக்கத் தேவையே இல்லை. இந்த விஷயத்தில் வீடியோ புத்தகத்தைத் தோற்கடித்துவிடுகிறது. 1902-இல் எர்ட்னேஸ் என்ற பெயரில் வந்த சீட்டு வித்தை நூலை இந்தக் கலையில் எல்லோரும் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அந்தப் பெயரில் எழுதியவர் யார் என்பது இன்னமும் தீராத வழக்கு. ஆனால் அதில் ஒரு கலைப்பைப் பற்றிய பத்தியைப் படியுங்கள்: இடது கட்டை விரல், வலது மோதிர விரல், உள் ஓரம், வெளி மூலை என்று போய்க்கொண்டே இருக்கும்; மூன்றாவது வரியில் எனக்கு எத்தனை விரல் என்பதே சந்தேகமாகிவிடும். அதையே வீடியோவில் சில நொடிகளில் பார்த்துவிடலாம். முக்கியமாக, சத்தம் கேட்கிறது. பொய்க் கலைப்புக்கும் நிஜக் கலைப்புக்கும் தாளம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று புத்தகம் சொல்லத்தான் முடியும். வீடியோவில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பழகலாம்.

ஃபேரோ ஷஃபிளும் அப்படித்தான். கட்டை 26-ம் 26-மாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்று பின்னிக்கொள்ளும்படி நுழைப்பது. மேல் சீட்டு மேலேயே தங்கும்படி எட்டு முறை பிசகாமல் செய்தால் 52 சீட்டும் பழைய வரிசைக்கே திரும்பிவிடும். கணக்கு எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? இரண்டு பாதியும் எந்த மூலையில் முதலில் சந்திக்கின்றன, எவ்வளவு லேசாக அழுத்தினால் சீட்டுகள் தாமாகவே பின்னிக்கொள்ளத் தொடங்குகின்றன என்பதை எந்தப் படமும் எனக்குப் புரியவைக்கவில்லை. இலவச வீடியோ ஒன்றுதான் புரியவைத்தது. கட்டும் விரலும் தவிர அதில் வேறொன்றும் தெரியாது. ஆனால் ஃபேரோவுக்கு அது போதும், ஏனென்றால் அதில் மறைக்க எதுவுமில்லை.

இலவசத்தில் கோளாறு வரிசையில் வருகிறது. எது பளபளக்கிறதோ அதைத்தான் தளம் முன்னால் தள்ளும். அதனால் கட்டைப் பிடிக்கத் தெரியாத ஆள் முதல் நாளே டபுள் லிஃப்ட் (இரண்டு சீட்டை ஒன்றுபோலத் தூக்குவது), மறுநாள் பாஸ் (கட்டின் இரு பகுதிகளை ரகசியமாக இடம் மாற்றுவது), அதற்கடுத்த நாள் கலர் சேஞ்ச் (காட்டிய சீட்டைக் கண்ணெதிரே வேறாக மாற்றுவது) என்று தாவுகிறார். ஜீன் ஹ்யூகார்டும் ஃப்ரெடரிக் பிராவும் 1940-களின் இறுதியில் எழுதிய 'தி ராயல் ரோடு டு கார்டு மேஜிக்' நூலில் முதல் அத்தியாயமே ஓவர்ஹேண்ட் ஷஃபிள்தான். டபுள் லிஃப்ட் வருவதற்குள் பாதி புத்தகம் ஓடிவிடும். காரணம் இருக்கிறது. வெறும் கலைப்பை வைத்தே ஒருவர் எடுத்த சீட்டைக் கட்டின் உச்சிக்குக் கொண்டுவந்துவிடலாம்.

வலதுகைக்காரர் கணக்கில் சொல்கிறேன். எதிரே இருப்பவர் எடுத்துப் பார்த்த சீட்டை, இடது கையிலுள்ள பாதிக் கட்டின் மேல் வைக்கச் சொல்கிறீர்கள். வலது கையில் இருக்கும் மீதியிலிருந்து ஒரே ஒரு சீட்டை அதன்மேல் இழுத்துவிடுகிறீர்கள். அந்த ஒன்று மட்டும் உங்கள் பக்கம் கால் அங்குலம் நீட்டிக்கொண்டு நிற்கும். மற்றதையெல்லாம் அதன்மேல் வழக்கம்போலக் கலைத்துப் போடுகிறீர்கள். அடுத்து வலது கட்டை விரல் அந்த நீட்டிய சீட்டைத் தடவிக் கண்டுபிடித்து மேல்நோக்கி அழுத்த, அதன் கீழே ஒரு இடைவெளி பிறக்கிறது. அந்த இடைவெளி வரை இன்னொரு தரம் கலைத்து, மிச்சத்தை மொத்தமாக மேலே போட்டால், அவருடைய சீட்டு உச்சியில் வந்து உட்கார்ந்திருக்கும். பார்க்கிறவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒருவர் இரண்டு தரம் சீட்டுக் கலைத்தார் என்பது மட்டும்தான். ஆனால் இதற்கு 'அசரவைக்கும்' என்று தலைப்புப் போட முடியாதே. அதனால் தேடிப் போகிறவர்களுக்குத்தான் கிடைக்கும்.

இன்னொரு குறையையும் சொல்லிவிட்டு நகர்கிறேன். இலவச வீடியோக்கள் பலவற்றில் வித்தை யாருடையது என்ற பேச்சே இருக்காது. நாலு சீட்டை எண்ணிக் காட்டுவதுபோல் காட்டி அதில் ஒன்றை மறைக்கும் எண்ணிக்கைக்கு எல்ம்ஸ்லி கவுண்ட் என்று பெயர்; அதை உண்டாக்கியவர் அலெக்ஸ் எல்ம்ஸ்லி. அந்தப் பெயரைச் சொல்லாமலே ஏதோ தன் மூளையில் உதித்ததுபோல் கற்றுத்தருகிறவர்கள் உண்டு. பெயர் சொல்லும் வாத்தியாரை நான் கூடுதலாக நம்புவேன். எங்கிருந்து கற்றார் என்று சொல்கிறவர், பெரும்பாலும் ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் சொல்கிறார்.

அடுத்தது சந்தாத் தளம். நான் சேர்ந்த தளத்தின் பெயர் வேண்டாம். படப்பிடிப்பைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது: கறுப்பு வெல்வெட் விரிப்பு, அதன்மேல் இரண்டு கைகள், விரல் ரேகை தெரியும் அளவுக்கு நெருக்கம், எல்லா அசைவுக்கும் மெதுவோட்டம். பார்க்க அவ்வளவு அழகு. பார்த்துப் பழகிவிட்டு ஆள் முன்னால் உட்கார்ந்தால் ஒன்றும் நடக்கவில்லை. விரல் எல்லாம் சொன்னபடிதான் போகிறது. எதிரே இருப்பவர் மட்டும் என் கையிலிருந்து கண்ணை எடுக்க மாட்டேன் என்கிறார். எப்படி எடுப்பார்? நானே என் கையைத்தானே வெறித்துக்கொண்டிருக்கிறேன். பார்வையாளர் நாம் எங்கே பார்க்கிறோமோ அங்கே பார்ப்பார். கைகளை மட்டும் காட்டும் பாடம், கைகளை மட்டும் பார்க்க நமக்குப் பழக்கிவிடுகிறது.

டபுள் லிஃப்டை வைத்து இதை விளக்குகிறேன். உச்சியில் இருக்கும் இரண்டு சீட்டுகளை ஒன்றுபோலத் தூக்கித் திருப்பிக் காட்டுவது டபுள் லிஃப்ட். மேல் சீட்டு கிளாவர் ஏழு என்று எதிரே இருப்பவர் நம்புகிறார். உண்மையில் அது இரண்டாவது சீட்டு. திரும்பக் கவிழ்த்துவிட்டு உச்சிச் சீட்டை அவர் கையில் கொடுத்தால், அவர் பிடித்துக்கொண்டிருப்பது வேறொன்று. இரண்டையும் சரியாகப் பிரித்தெடுக்கப் பல வழி இருக்கிறது. கட்டை விரலால் இரண்டைப் பக்கவாட்டில் தள்ளி, திரும்ப இழுக்கும்போது சுண்டு விரலைக் கீழே நுழைக்கலாம். கட்டை ஒழுங்குபடுத்தும் சாக்கில் வலது கை மேலே வந்து, பின் ஓரத்தில் கட்டை விரலால் இரண்டு சீட்டை மட்டும் நெம்பிவிடலாம். தயாரிப்பே இல்லாமல் ஓரத்தில் தட்டி இரண்டாகத் திருப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்குக் கை நன்றாக ஊறியிருக்க வேண்டும்.

வெல்வெட் வீடியோ இந்த மூன்றையும் பிரமாதமாகக் காட்டுகிறது. சுண்டு விரலின் சதை எவ்வளவு உள்ளே போகிறது என்பது வரை தெரிகிறது. ஆனால் அந்த விரலை எப்போது நுழைப்பது? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சீட்டைத் திருப்பப் போகும் கணத்தில் நுழைத்தால் கை ஒரு அரை நொடி தயங்கும். அந்தத் தயக்கம்தான் எதிரே இருப்பவரின் சந்தேகத்துக்கு வித்து. நுழைக்க வேண்டியது அதற்கு வெகு முன்னால். அவரிடம் ஏதாவது கேட்டுவிட்டு, பதிலுக்காக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கை சும்மா இருப்பதாக எல்லோரும் நினைக்கும்போது. ஸ்பெயின் நாட்டு மேஜிக்காரர் அர்த்துரோ தே அஸ்கானியோ இதைக் கோட்பாடாகவே பேசினார்: வேறொரு வேலைக்காகப் போகிற கை, போகிற வழியில் ரகசிய வேலையை முடித்துவிட்டுப் போக வேண்டும். போகிற வேலைக்குத்தான் மதிப்பு; வழியில் நடந்ததை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

இதை வீடியோவில் காட்ட முடியாதா என்றால், முடியும். கேமராவைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைக்க வேண்டும், அவ்வளவுதான். வாத்தியாரின் கண் எங்கே போகிறது, தலை எப்போது நிமிர்கிறது, பேச்சு எங்கே நிற்கிறது என்பது தெரிந்தால் பாதி பாடம் அதிலேயே இருக்கிறது.

என் அண்ணன் மகளுக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. ஒரு இலவச வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் என் தோள்மேல் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் முகம் தெரிய உட்கார்ந்து கலர் சேஞ்ச் செய்து காட்டுகிறார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவள் சொன்னாள்: "அத்தை, இவரு கண்ணை மூடித் தொறக்கறப்பதான் ஏதோ பண்றாரு."

ஓட்டிப் பார்த்தால் அப்படியேதான். ஒவ்வொரு தரமும், சீட்டு மாறும் கணத்தில் மனிதர் இமைக்கிறார். கண்ணாடி முன்னால் பழகுகிறவர்களிடம் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் இது என்று மேஜிக்காரர்கள் சொல்வார்கள். கை பிசகுவதைத் தன் கண்ணுக்கே காட்டப் பிடிக்காமல் இமை தானாக மூடிக்கொள்கிறது; கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் சுத்தமாகத் தெரியும், ஏனென்றால் அசுத்தமான கணத்தில் நாம் பார்க்கவே இல்லை. அப்புறம் என் போனை நிறுத்திவைத்து நான் செய்வதைப் படம்பிடித்துப் பார்த்தேன். என் இமையும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. விரல் மட்டும் தெரியும் வீடியோவாக இருந்திருந்தால் வாத்தியாரிடமும் இதைப் பார்த்திருக்க முடியாது, என்னிடம் தேடியிருக்கவும் மாட்டேன்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பழைய தொகுப்புகள்தான் முன்னால் நிற்கின்றன. மைக்கேல் அம்மாரின் 'ஈஸி டு மாஸ்டர் கார்டு மிரக்கிள்ஸ்' ஒன்பது தொகுதிகள். பல பேருடைய வித்தைகளை அவரவர் பெயரைச் சொல்லி, முதலில் செய்து காட்டிவிட்டு அப்புறம் பிரித்துச் சொல்கிறார். தலைப்பில் இருக்கும் 'ஈஸி'யை அப்படியே நம்ப வேண்டாம். டபுள் லிஃப்டும் கண்ட்ரோலும் (எடுத்த சீட்டை வேண்டிய இடத்துக்குக் கொண்டுவருவது) ஓரளவு கைவந்திருந்தால்தான் அவை சுலபம். எனக்குப் பிடித்தது அவருடைய நிதானம். அவசரப்படாமல், பார்க்கிறவரின் மனசில் இப்போது என்ன ஓடுகிறது என்பதை விளக்குவார். விரல் பாடத்தைவிட அதற்காகவே திரும்பத் திரும்பப் போடுகிறேன்.

டேரலின் 'என்சைக்ளோபீடியா ஆஃப் கார்டு ஸ்லைட்ஸ்' வேறு ரகம். எட்டு தொகுதிகள் முழுக்க அசைவுகள், ஒன்றன்பின் ஒன்றாக. வித்தை கற்க வேண்டும் என்று முதல் தொகுதியிலிருந்து வரிசையாகப் பார்த்தால் தூக்கம்தான் வரும். வேண்டும்போது வேண்டியதை மட்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். எனக்கு சைடு ஸ்டீல் (கட்டின் நடுவிலிருந்து ஒரு சீட்டைப் பக்கவாட்டில் ரகசியமாக உருவுவது) பிடிபடாமல் இருந்தபோது அதைப் போட்டுப் பார்த்தேன், தெளிந்தது. முழுத் தொகுப்பையும் ஆரம்பத்திலேயே வாங்குவது வீண்.

புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு நான் கைகாட்டுவது ஆர். பால் வில்சன் செய்த 'ராயல் ரோடு' வீடியோ பாடத்தை. மேலே சொன்ன அதே நூலை எடுத்துக்கொண்டு அத்தியாய வரிசையிலேயே போகிறார். புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. ஒரு வித்தையைப் படித்து, நாமே முட்டி மோதி, அதற்குப் பிறகு அவர் எப்படிச் செய்கிறார் என்று பார்த்தால் அது மனசில் நிற்கிறது. முதலிலேயே வீடியோவைப் பார்த்துவிட்டால் அவருடைய கைச் சாயல் அப்படியே நமக்கு ஒட்டிக்கொண்டுவிடும். வீடியோவில் கற்ற ஆட்களை இதை வைத்தே அடையாளம் கண்டுபிடித்துவிடலாம்; பேச்சு, சிரிப்பு, நடுவில் விடும் பெருமூச்சு வரை எல்லாம் வாத்தியாருடையதாகவே இருக்கும்.

டாய் வெர்னன் (1894–1992) எண்பது வயதைத் தாண்டிய பிறகு பதிவு செய்த 'ரெவலேஷன்ஸ்' தொகுப்பை ஆரம்பக்காரர்கள் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 1922-இல் புகழ்பெற்ற மேஜிக்காரர் ஹூடினியையே சீட்டில் ஏமாற்றியவர் என்று பெயர் வாங்கிய மனிதர். வயதான கைகள், இஷ்டத்துக்கு அலையும் பேச்சு. மேசையில் அவரோடு இளம் அம்மாரும் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார். பாடமாக எடுத்துக்கொண்டால் குழப்பம்தான். ஆனால் சீட்டைக் கையிலெடுத்தும் ஒன்றுமே செய்யாததுபோல் இருப்பது எப்படி என்பதை இந்தக் கிழவரைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். இயல்பாக இரு என்பதே அவருடைய வாழ்நாள் உபதேசம்.

பாடமே அல்லாத சில பதிவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அர்ஜென்டினாவின் ரெனே லவாண்ட் சிறுவயதில் விபத்தில் வலது கையை இழந்தவர். சீட்டு நூல்கள் எல்லாம் இரண்டு கைக்காரருக்காக எழுதப்பட்டவை. தன் இடது கைக்கான முறைகளை அவரே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் நிகழ்ச்சிகளின் பதிவுகள் கிடைக்கின்றன. "இதைவிட மெதுவாகச் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டு, உண்மையிலேயே அவ்வளவு மெதுவாகச் செய்வார். வேகம்தான் ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் யாருக்கும் அதைப் போட்டுக் காட்டலாம். எப்படிச் செய்கிறார் என்பது எனக்குப் பிடிபடவில்லை. எங்கே நிறுத்துகிறார் என்பதைப் பார்த்துக் கொஞ்சம் களவாடியிருக்கிறேன்.

பழைய தொகுப்புகளில் ஒரு நிஜமான குறை, படம். வி.எச்.எஸ். காலத்துப் பதிவில் சுண்டு விரல் எங்கே இருக்கிறது என்பது மங்கலான ஒரு நிழல்தான். அந்த இடத்தில் மட்டும் வெல்வெட் வீடியோவுக்கு வேலை இருக்கிறது. எப்போது செய்வது என்பதைப் பழசில் கற்று, எந்த விரல் என்பதைப் புதுசில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இனி இடதுகைக்காரர்களுக்கு, ஏனென்றால் எந்த விமர்சனத்திலும் நமக்கென்று ஒரு வரி இருப்பதில்லை. கேமரா எதிரே இருந்து எடுத்த வீடியோ நமக்கு வரம். வாத்தியாரின் இடது கையிலிருக்கும் கட்டு, திரையில் வலப்பக்கம் தெரியும். நாமும் வலது கையில்தான் பிடித்திருப்போம். கண்ணாடி பார்த்துத் தலை வாருவதுபோல் அப்படியே பின்பற்றலாம். வலதுகைக்காரர்களுக்காகத் தோளுக்கு மேலிருந்து எடுக்கும் காட்சிதான் நமக்குத் தலைகீழ். அதற்கு வழி இருக்கிறது. கோப்பாக இறக்கிய வீடியோ என்றால் வி.எல்.சி. பிளேயரில் எஃபெக்ட்ஸ் அண்ட் ஃபில்டர்ஸ், அதற்குள் வீடியோ எஃபெக்ட்ஸ், ஜியோமெட்ரி, டிரான்ஸ்ஃபார்ம் என்று போய்ப் படத்தை இடவலமாகத் திருப்பிவிடலாம்.

ஆனால் திருப்பிப் போட்ட படம் ஓரிடத்தில் பொய் சொல்லும். சீட்டின் எண் மேலே இடது மூலையிலும், தலைகீழாகக் கீழே வலது மூலையிலும் அச்சாகியிருக்கிறது. திருப்பிய வீடியோவில் வாத்தியார் விசிறியாக விரிக்கும்போது எண்கள் புரண்டிருந்தாலும் மூலையில் வரிசையாகத் தெரியும். அதைப் பார்த்து என் கையில் விரித்தால், வரிசையாக வெள்ளை மூலைகள்! ஆட்டின் ராணி எங்கே, ஸ்பேட் பத்து எங்கே என்று யாருக்கும் தெரியாது. நான்கு மூலையிலும் எண் அச்சிட்ட கட்டுகள் இருக்கின்றன, ஆனால் அடுத்தவர் தன் கட்டை நீட்டினால் என்ன செய்வது? சீட்டு வித்தையில் இரண்டு கைக்கும் சமமான வேலை, அதனால் இடதுகைக்காரரும் வலதுகை முறையிலேயே கற்கலாம் என்பது பல வாத்தியார்களின் வாதம். பாஸ், பாம் (உள்ளங்கையில் சீட்டை மறைப்பது) போன்றவற்றுக்கு அது சரி. சீட்டுப் போடுவதற்குச் சரியில்லை. தினமும் எழுதுகிற கைதான் அதற்கு ஓடும். நான் இடதுகையாகவே கலைக்கிறேன், போடுகிறேன்; விசிறி மட்டும் ஊர் வழக்கப்படி.

சின்னக் கை விஷயத்தில் வீடியோ வாத்தியார்கள் பெரும்பாலும் உதவமாட்டார்கள். அவர்கள் கை பெரிது, அதில் எதுவும் மறையும். போக்கர் அளவுச் சீட்டு 63 மில்லிமீட்டர் அகலம், பிரிட்ஜ் அளவு 57. இந்த ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம் என்ன செய்யும் என்பது உள்ளங்கையில் ஒரு சீட்டை மறைத்துப் பார்த்தால் தெரியும். அகலச் சீட்டு ஆள்காட்டி விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் எட்டிப் பார்க்கும். அளவு குறைந்த சீட்டுக்கு மாறுங்கள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. உருப்படியான யோசனை அம்மார் காலத்து வீடியோ ஒன்றில்தான் கிடைத்தது: சீட்டை மறைத்த கையை வெறுமையாகத் தொங்கவிடாமல், அதே கையால் கட்டின் இரு முனையையும் பிடித்து எதிரே இருப்பவரிடம் நீட்டுவது. கைக்கு ஒரு வேலை இருப்பதால் அது வளைந்திருப்பது யாருக்கும் உறுத்தாது.

கட்டைப் பற்றி எல்லா வீடியோவும் ஒரே பாட்டுத்தான் பாடும், அது சரியான பாட்டும்கூட. வழவழப்பான பிளாஸ்டிக் சீட்டில் பழகாதீர்கள். இரண்டு சீட்டு ஒன்றாக நிற்காமல் வழுக்கி ஓடும். 1885-இலிருந்து வரும் பைசைக்கிள் போல, பரப்பில் நுண்ணிய குழிகள் அழுத்திய காகிதக் கட்டு வேண்டும். குழிகளில் தங்கும் காற்றில் சீட்டுகள் சீராக நழுவும். எந்த வீடியோவும் இல்லாமல் இதை மட்டும் மாற்றினாலே டபுள் லிஃப்ட் பாதி சரியாகிவிடும். பத்துக் கட்டு வடிவமைப்புகளை விற்கும் தளங்களின் வலையில் விழ வேண்டாம். கையிலிருக்கும் கட்டு விநோதமாக இருந்தால் அதுவே சந்தேகம் கிளப்பும்.

பார்க்கும் முறையில் ஒரு சின்ன உதவி. யூடியூபில் வேகத்தைக் கால் பங்குவரை குறைக்கலாம் என்பது பலருக்குத் தெரியும். கணினியில் வீடியோவை நிறுத்திவிட்டு கமா, முற்றுப்புள்ளி விசைகளைத் தட்டினால் ஒவ்வொரு படச்சட்டமாகப் பின்னும் முன்னும் நகரும் என்பது அவ்வளவாகத் தெரியவில்லை. பிரேக் எப்போது பிடிபட்டது என்று தேட இது போதும். இடையில் வெட்டி ஒட்டிய வீடியோவா என்பதும் இதில் மாட்டிக்கொள்ளும். செய்து காட்டும் காட்சியில் வெட்டு இருந்தால் அந்த வாத்தியாரை அங்கேயே விட்டுவிடுங்கள்.

வாங்கும் வரிசை என்று கேட்டால்: பிடிப்பும் கலைப்பும் இலவசத்தில், அடுத்து வில்சனும் புத்தகமும், பிறகு அம்மாரில் ஏதாவது ஒரு தொகுதி, முட்டிக்கொள்ளும்போது டேரல். சந்தாத் தளம் வேண்டுமென்றால் ஒரு மாதத்துக்கு எடுங்கள். எனக்கு வாய்த்த தளத்தில் ரத்து செய்யும் பொத்தானைக் கண்டுபிடிப்பதே பெரிய வித்தையாக இருந்தது, சந்தா முடிந்த நிமிஷமே நான் குறித்துவைத்த பாடங்கள் அத்தனையும் பூட்டிக்கொண்டன. காசு கட்டுமுன் வீடியோவைக் கோப்பாக இறக்கிக்கொள்ள அனுமதி உண்டா என்று பார்த்துவிடுங்கள். இடதுகைக்காரர் என்றால் அது இல்லாமல் படத்தைத் திருப்பிப் போடவும் வழியில்லை.